பார்த்ததை எழுதுங்க, மிஸ்

நாலு வயதுப் பிள்ளைக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்துவிடலாம். அந்தப் பிள்ளை இன்று என்ன கற்றுக்கொண்டது என்று சாயங்காலம் உட்கார்ந்து எழுதச் சொன்னால்தான் கை ஓடாது. எல்.கே.ஜி. வகுப்பிலோ அங்கன்வாடியிலோ வேலை பார்க்கிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு பக்கம் ஒருத்தன் அம்மா வேண்டுமென்று அழுவான், இன்னொரு பக்கம் ஒருத்தி பலப்பத்தைத் தின்றுகொண்டிருப்பாள், நடுவில் நாம் ‘கற்றல் முன்னேற்றம்’ எழுத வேண்டும். திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு சின்ன நர்சரிப் பள்ளியில் எனக்கு இந்த வேலை வாய்த்தது. அங்கே நடந்த சில சங்கதிகளைச் சொல்கிறேன்.

எல்லாரும் நல்ல பிள்ளை

எங்கள் எச்.எம். லில்லி மேடம் ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டு வந்தார். வந்த கையோடு, “இனிமே சின்ன வகுப்புக்கு மார்க் கிடையாது. பிள்ளைங்க என்ன செய்யுதுங்கன்னு கவனிச்சு எழுதணும். எழுதினதை நாமளே திரும்பப் படிச்சு யோசிக்கணும்” என்று சொல்லி, ஆளுக்கு ஒரு கட்டு வெள்ளைத்தாள் கொடுத்தார். நானும் உட்கார்ந்து எழுதினேன். ‘சுறுசுறுப்பானவன். எல்லோரிடமும் நன்றாகப் பழகுகிறான். பாட்டில் ஆர்வம் உண்டு.’ அடுத்த தாளில், ‘சுறுசுறுப்பானவள். எல்லோரிடமும் நன்றாகப் பழகுகிறாள்.’ இப்படியே வகுப்பு முழுக்க எழுதி முடித்துவிட்டேன். கையெழுத்து மட்டும் முத்து முத்தாக இருந்தது.

மேடம் எல்லாத் தாளையும் பொறுமையாக வாசித்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டவில்லை. தாள்களைச் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்து என் கையிலேயே கொடுத்தார். “பேரை மாத்தி மாத்திப் போட்டாலும் யாருக்கும் தெரியாது, மிஸ். நினைச்சதை எழுதாதீங்க. பார்த்ததை எழுதுங்க.”

மழைக்கு மறுநாள்

சம்பா நடவு நேரம். முந்தின நாள் பெய்த மழையில் எங்கள் விளையாட்டு இடம் சேறாகக் கிடந்தது. எண்ணிக்கை சொல்லிக் கொடுக்க நான் மரக்கட்டைகளை எடுத்து வைத்தேன். பிள்ளைகள் அதைத் தொடவே இல்லை. கனிஷ்கா என்ற பெண் வேலியோரம் இருந்த புல்லைப் பிடுங்கி நாற்றுக் கட்டு மாதிரி ஐந்து முடியாகப் பிரித்தாள். ஐந்து பேரைக் கூப்பிட்டு ஆளுக்கொன்று கொடுத்தாள். அவர்கள் வரிசையாகக் குனிந்து, பின்பக்கமாக நடந்தபடியே சேற்றில் புல்லை நட்டார்கள். இன்னும் இரண்டு பேர் வந்து கேட்டதும், பெரிய முடிகளில் இருந்து கொஞ்சம் கொஞ்சம் உருவி அவர்களுக்கும் பங்கு வைத்தாள். நான் பார்த்ததைப் பார்த்தபடி எழுதினேன். ஒரு போட்டோவும் எடுத்துப் பெற்றோர் குரூப்பில் போட்டேன்.

மறுநாள் காலையில் கனிஷ்காவின் அப்பா வாசலில் நின்றார். தஞ்சாவூரில் பேங்க் வேலை. சத்தம் போடவில்லை, ஆனால் முகம் இறுகியிருந்தது. “எங்க அப்பாவும் அம்மாவும் அடுத்தவங்க வயல்ல குனிஞ்சே காலத்தைக் கழிச்சவங்க, மிஸ். எங்களை அங்கேருந்து கரையேத்தினதே அவங்கதான். எம்பொண்ணை நீங்க மறுபடி குனிய வச்சு போட்டோ போடுறீங்க.”

சும்மா விளையாட்டுதானே சார் என்று அவரிடம் சொல்ல முடியுமா? அவர் பட்டது அவருக்குத்தான் தெரியும். நான் எழுதிய தாளை மட்டும் எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். பிறகு செல்போனில் அந்தப் போட்டோவைத் திறந்து, இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். “எடுத்துடட்டுமா சார்?” என்று கேட்டேன். அவர் முகம் மெல்ல இளகியது. “வேணாம், இருக்கட்டும். இவ எங்க குனிஞ்சா? இடுப்புல கை வச்சுக்கிட்டு வரப்புல நின்னு வேலை வாங்குறா.”

யாழினியின் தாள்

அதற்குப் பிறகு எனக்கு எழுதும் ஆசை வந்துவிட்டது. தரையில் உட்கார்ந்தால் எழுந்திருப்பதில்லை. ஒருநாள் என் எதிரே யாழினியும் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒரு தாளில் கிரேயானால் கிறுக்கிக்கொண்டிருந்தாள். அடிக்கடி நிமிர்ந்து என்னைப் பார்ப்பாள், மறுபடி கிறுக்குவாள்.

“என்னம்மா வரையிற?”

“வரையல. மிஸ்ஸைப் பத்தி எழுதுறேன்.”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. “என்ன எழுதியிருக்க? படிச்சுக் காட்டு” என்றேன். கோடு கோடாக விரலை ஓட்டி, என் குரல் மாதிரியே நிறுத்தி நிறுத்திப் படித்தாள்: “சந்தோஷ் ஒன்னுக்கு வருதுன்னு சொல்றான். மிஸ் எழுதுறாங்க. சந்தோஷ் மறுபடி சொல்றான். மிஸ் எழுதுறாங்க. இப்ப சந்தோஷ் அழுவுறான், டவுசர் நனைஞ்சிருச்சு.”

ஜெஃப்ரின்

ஜெஃப்ரினைக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். ‘உட்காரு’ என்றால் நிற்பான். அவன் அப்பா அறுவடை மெஷின் ஓட்டுகிறவர். அறுப்புக் காலத்தில் ஊர் ஊராகப் போய்விடுவார். அம்மா ஸ்டெல்லா வீட்டில் தையல் மெஷின் வைத்திருந்தார். சொந்தக்காரர்கள் பையனை ‘ஒரு மாதிரி’ என்று பேசத் தொடங்கியதால், அவனைக் கல்யாணம் காட்சிக்குக் கூட்டிப் போவதையே நிறுத்தியிருந்தார். ஒருநாள் பிள்ளையை விட வந்தவர் தயங்கி நின்று, “இவனை இங்க வச்சுக்க முடியாதுன்னு மட்டும் சொல்லிடாதீங்க மிஸ்” என்றார்.

நான் அவன் தாளில் ‘சொன்ன பேச்சைக் கேட்பதில்லை’ என்று எழுதியிருந்தேன். லில்லி மேடம் அந்த வரியில் விரலை வைத்து, “சொன்னதைக் கேக்க மாட்டேங்கிறானா, இல்ல சொன்னதே கேக்கலையா?” என்றார்.

அன்றிலிருந்து பார்த்தேன். எதிரே உட்கார்ந்து என் வாயைப் பார்த்தால் எல்லாம் செய்தான். பின்வரிசையில் உட்கார வைத்தால், பக்கத்துப் பிள்ளைகள் கையைத் தூக்கிய பிறகுதான் தூக்கினான். முதுகுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டால் அசைவே இல்லை. சளி பிடித்த நாட்களில் இன்னும் மோசம். எல்லாவற்றையும் எழுதி ஸ்டெல்லாவிடம் படித்துக் காட்டினேன். “செவிடா மிஸ்?” என்று ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டார். தஞ்சாவூருக்குப் பஸ் ஏறினோம். ஜெஃப்ரின் ஜன்னலோரம் உட்கார்ந்து, வாய்க்காலில் மேயும் வாத்துகளைக் காட்டிச் சிரித்துக்கொண்டே வந்தான்.

காது டாக்டர் “எப்பல இருந்து?” என்று கேட்டதும் ஸ்டெல்லாவுக்கு அழுகை வந்துவிட்டது. நான்தான் தாளைப் படித்தேன். டாக்டர் குறுக்கே பேசாமல் கேட்டார், பிறகு காதுக்குள் லைட் அடித்துப் பார்த்தார், ஏதேதோ சோதனை வைத்தார். “செவிப்பறைக்குப் பின்னால நீர் கோத்திருக்கு. சளியால வர்றதுதான். மருந்து தர்றேன், திரும்பக் கூட்டிட்டு வாங்க. பையன் நல்ல கெட்டிக்காரன்மா” என்றார். போன உயிர் திரும்பி வந்தது போல இருந்தது எனக்கு. வெளியே வந்து ஸ்டெல்லா பெஞ்சில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். பையன் ஒன்றும் புரியாமல் தன் பிஸ்கட்டில் பாதியை அவர் வாயில் திணித்தான்.

மருந்து வேலை செய்யக் கொஞ்ச நாள் ஆயிற்று. இரண்டு தடவை தஞ்சாவூர் போய் வந்தார்கள். அப்புறம் ஒரு காலையில் ஜெஃப்ரின் பின்வரிசையில் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மறுபடி வலியோ என்று பதறிப் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்னை நிமிர்ந்து பார்த்து, எரிச்சலோடு கேட்டான்: “மிஸ், அந்த ஃபேன் ஏன் இப்படிக் கத்துது?”

பிள்ளைகள் என்ன கற்றுக்கொண்டார்கள் என்று எழுதத்தான் என்னை வேலைக்கு வைத்திருக்கிறார்கள். அதில் பாதிக்கு மேல் நான் கற்றுக்கொண்டதுதான் என்பதை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.