ஜன்னலில் போட்ட பை

முருகனை நம்பி இருக்கிற எல்லாருக்கும் வணக்கம். போன வைகாசி மாதம், ஜோலார்பேட்டை பிளாட்பாரத்தில், என் மனைவியின் மாத்திரைப் பை ரயிலோடு போய்விட்டது. நாங்கள் ஏறவில்லை. பையை உள்ளே போட்டது என் கைதான். இதைச் சொல்ல எனக்கு இத்தனை மாதம் ஆகிவிட்டது.

நான் யார் என்று மாரிகுப்பத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நாலாம் வகுப்பு படித்தவன். மீசை முளைத்த வயதில் கேஜிஎப் தங்கச் சுரங்கத்தில் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறி பூமிக்குள் இறங்கினவன். சுரங்கத்தை மூடியபோது மற்றவர்கள் அழுதார்கள், நான் தள்ளுவண்டியில் பிளாஸ்டிக் குடம் விற்றேன். இன்றைக்குச் சொந்தமாகப் பாத்திரக் கடை. யாரிடமும் யோசனை கேட்டதில்லை. அதைத்தான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

என் மனைவி காமாட்சிக்குப் போன வருடம் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். சேர்த்து வைத்தது எல்லாம் அதில் போயிற்று. ஆஸ்பத்திரியில் அவள் கேட்டது ஒன்றுதான்.

"ஒரு தபா கடலைப் பாத்துடணுங்க."

அறுபது தாண்டியும் அவள் கடல் பார்த்ததில்லை. கடையை மூடினால் வியாபாரம் போய்விடும் என்று சொல்லிச் சொல்லியே நான் கூட்டிப் போகவில்லை.

மருமகள் பவானி திருச்செந்தூருக்குத் திட்டம் போட்டாள். முருகனையும் பார்க்கலாம், கடலையும் பார்க்கலாம். மகனுக்கு லீவு இல்லை. நான், காமாட்சி, பவானி, அவள் இடுப்பில் பேத்தி, அவ்வளவுதான். கையில் இருப்பது கொஞ்சம் என்று பவானிக்குத் தெரியும். கோயில் விடுதியில் ஒரே ரூம். வழிக்குப் புளிசோறு. கூட்டம் இல்லாத நாளில் தரிசனம். ஸ்டென்ட் வைத்தவள் நிற்கக் கூடாது என்று ரயிலுக்கு மட்டும் ரிசர்வேஷன். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, கீழே மாத்திரை வேளையும் தன் போன் நம்பரும் போட்டிருந்தாள்.

நான் சிரித்தேன். "இன்னாம்மா இது, கலெக்டர் ஆபீசா? ரிசர்வேஷன் எதுக்கு? எனக்கு சீட்டு புடிக்கத் தெரியாதா?"

"அது நம்ம வண்டி மாமா. இது வேற."

"வண்டின்னா வண்டிதான்."

அவள் கண் எதிரிலேயே அந்தத் தாளைக் கசக்கிக் கீழே போட்டேன். ரிசர்வேஷன் போடவும் விடவில்லை.

எங்கள் ஊர் வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பெங்களூர் போகிற வண்டி மாரிகுப்பத்தில்தான் புறப்படும். ஜன்னல் கம்பிக்கு நடுவில் துண்டையோ பையையோ நுழைத்துச் சீட்டில் போட்டுவிட்டால் அந்த இடம் நம்முடையது. அடுத்த ஸ்டேஷன்களான சாம்பியன் ரீப்ஸிலோ ஊரிகத்திலோ ஏறுகிறவன் அதைத் தொடமாட்டான். நின்றுகொண்டே வருவான்.

நாங்கள் வண்டி மாற இறங்கிய ஜோலார்பேட்டையில் தெற்கே போகிற எக்ஸ்பிரஸ் வந்தது. ஜனம் பிதுங்கியது. ஒரு ஜன்னல் ஓரம் இடம் தெரிந்தது. கையில் இருந்த சின்ன மாத்திரைப் பையைத் துண்டில் சுற்றி உள்ளே போட்டேன். திரும்பிப் பார்த்தால் வாசலில் நுழைய இடம் இல்லை. காமாட்சி மெதுவாகத்தான் நடப்பாள். வண்டி நகர்ந்துவிட்டது.

நான் அப்போது செய்ததுதான் பெரிய வெட்கம். பிளாட்பாரமே பார்க்க, குழந்தையைத் தூக்கிக்கொண்டு நின்ற பவானியைப் பார்த்துக் கத்தினேன்.

"உன்னாலதான். ஆடி அசைஞ்சி வந்தா வண்டி நிக்குமா?"

அவள் மாமியாரைப் பெஞ்சில் உட்கார வைத்து முகத்தைத் துடைத்தாள். இரண்டு மணி மாத்திரையை ஒரு வேளைகூட விடக் கூடாது என்று டாக்டர் சொல்லி இருந்தார். மருந்துச் சீட்டும் அந்தப் பையில்தான். காமாட்சிக்கு வியர்த்துக் கொட்டியது.

"வுடுங்க. வூட்டுக்கே போயிடலாம். கடல் எங்க போவப் போவுது" என்றாள்.

தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் போய் நின்றேன். கையைக் கூப்பினால் வாய் வரவில்லை. இத்தனை வருடம் சாமியிடமும் நான் பெருமைதான் பேசி இருக்கிறேன். பார் முருகா, கடை வாங்கினேன். பார், மாடி கட்டினேன். அன்றைக்குத்தான் முதல் தடவை கேட்டேன். தப்பு என்னுது. அவளுக்கு மாத்திரை கிடைக்கட்டும். பவானியிடம் நாலு பேர் முன்னால் என் தப்பை ஒத்துக்கொள்கிறேன். மொட்டை போடுவது எனக்குச் சுலபம். அதனால்தான் அதை வேண்டிக்கொள்ளவில்லை.

திரும்பி வரும்போது பவானியின் போன் அடித்தது. ஒரு ஆள் குரல்.

"ஏம்மா, காமாட்சின்னு மாத்திரை டைம் எழுதின தாளு, கசங்கி இருக்குது. அதுல இந்த நம்பர். நீங்க கேஜிஎப்பா?"

"ஆமாண்ணா. எப்படித் தெரியும்?"

"நான் சாம்பியன் ரீப்ஸ். ஆள் ஏறாம பை ஏறுதுன்னா அது நம்ம ஊர்தானே. ரெண்டு பேரு உக்காரப் பாத்தாங்க. ஆள் வருதுன்னு சொல்லி சீட்டை வெச்சிருக்கேன். சேலத்துல எறங்கறேன். வாங்க, நிக்கிறேன்."

நான் கசக்கிப் போட்ட தாளை அவள் எடுத்து நீவி, மாத்திரை டப்பாவுக்கு அடியில் வைத்திருந்தாள்.

அடுத்த வண்டியில் சேலம் போய்ச் சேர்ந்தபோது இரண்டு மணி ஆகவில்லை. அந்த மனிதர் துண்டை மடித்தே வைத்திருந்தார். "இன்னா பெரியவரே, எக்ஸ்பிரஸ்ல மாரிகுப்பம் வேலையா?" என்று சிரித்தார். காமாட்சியும் சிரித்தாள். நான் குனிந்து வாங்கிக்கொண்டேன்.

திருச்செந்தூரில் அவள் கணுக்கால் அளவு தண்ணீரில் நின்றாள். "இன்னாங்க இது, போறேன்னு போய் திரும்ப வருது" என்றாள். பவானி அவள் கையை விடவில்லை. அங்கே நாலு பேர் என்ன, நாலாயிரம் பேர் இருந்தார்கள். நான் பவானி பக்கத்தில் போனேன். "டீ குடிக்கிறியாம்மா" என்றுதான் வாய் வந்தது.

முருகன் தன் பங்கை அன்றைக்கே செய்துவிட்டார். என் பங்குதான் பாக்கி. ஊருக்கு வந்த பிறகு எந்த வெளியூர் வேலையானாலும் பவானி எழுதுகிற தாளைத்தான் கேட்டு வாங்கி வைத்துக்கொள்கிறேன். ஆனால் அது மன்னிப்புக் கேட்டது ஆகாது.

நீங்களும் அவரிடம் கேளுங்கள். உங்கள் சாமர்த்தியத்தைச் சொல்லாமல் கேளுங்கள். கட்டாயம் காது கொடுப்பார்.

நான் எதை எழுதினாலும் பவானிதான் பிழை திருத்துவாள். இதை அவளிடம் காட்டவில்லை. கிருத்திகை பூஜையில் எல்லார் முன்னாலும் நானே படிக்கப் போகிறேன். அவள் பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருப்பாள்.

பவானி, நீ மெதுவாக வரவில்லை அம்மா. பையை ஜன்னலில் போட்டது நான்.