தினமும் வீடு திரும்பும் வண்டியைத் தேடிய எங்கள் அண்ணன்

ஓராண்டு நினைவுத் திருப்பலியில் எங்களோடு சேர்ந்து மன்றாட வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், அண்ணனின் ஒரே தங்கை எழுதுவது. ஆசிரியையாக இத்தனை ஆண்டுகள் பேசிப் பழகியவள்தான் என்றாலும், அண்ணனைப் பற்றி எழுந்து நின்று பேச எனக்குத் தைரியம் வரவில்லை. அதனால் எழுதிவிட்டேன்.

அண்ணன் பிறந்தது நிலக்கோட்டைப் பக்கம் ஒரு சிறிய ஊர். எங்கள் தந்தையார் பூந்தோட்டக் கூலி. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு லாரித் தொழிலுக்குப் போன அண்ணன், இருபத்தொரு வயதில் கனரக உரிமம் வாங்கினார். நான் ஆசிரியர் பயிற்சி முடித்தது அவருடைய உழைப்பில்தான். ஒட்டன்சத்திரம் சந்தையில் தக்காளி ஏற்றிக் கேரளத்துக்குப் போவார். பிறகு வெங்காயத்துக்காக மகாராஷ்டிர லைன். ஒரே முதலாளியிடம் இருபத்திரண்டு ஆண்டுகள். யாரையும் இடித்ததில்லை, வண்டியைக் கவிழ்த்ததில்லை.

மதினியைக் கைப்பிடித்துத் திண்டுக்கல் நாகல் நகரில் குடியேறினார். ஆனால் வீட்டில் இருந்த நாட்கள் குறைவு. மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விழா அன்று நாக்பூருக்கு அருகில் இருந்தார். அந்த மகளையும் நல்லபடியாகத் திருப்பூரில் கட்டிக்கொடுத்தார்.

அண்ணனுக்கு ஐம்பத்திரண்டு வயதானபோது மதினியின் சிறுநீரகங்கள் பழுதாயின. செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். எனக்குப் பள்ளி, மகளுக்குக் கைக்குழந்தை. மதினி தனியாகவே போய் வந்தார். ஒரு வெள்ளிக்கிழமை திரும்பி வரும் வழியில் ஆட்டோவிலேயே மயங்கிச் சாய்ந்துவிட்டார். ஆட்டோக்காரர் மதினியின் போனை எடுத்து முதலில் இருந்த எண்ணை அழைத்திருக்கிறார். அது அண்ணனின் எண். அவர் அப்போது சோலாப்பூரில் வெங்காய லோடு ஏற்றிக்கொண்டிருந்தார். அங்கிருந்து எனக்கு அழைத்தார். நான் வகுப்பை விட்டு மருத்துவமனைக்கு ஓடினேன். அண்ணன் வந்து சேர மூன்றாவது நாள் ஆகிவிட்டது.

மறுநாள் காலையே முதலாளியைப் பார்க்கப் போனார். நல்ல மனிதர் அவர். "எங்கிட்ட பக்கத்து லைன் எதுவும் இல்லையேப்பா. எல்லாம் வடக்குத்தான்" என்று வருத்தப்பட்டிருக்கிறார். அண்ணன் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்தார்.

"அண்ணே, அம்பத்திரெண்டு வயசுல உனக்கு யாருண்ணே வேல குடுப்பா?" என்றேன்.

"லைசென்ஸ் இருக்கு, கண்ணு தெரியுது. கெடைக்கும் பாப்பா. நீ ஃபாரத்த மட்டும் நெரப்பிக் குடு."

நான்கு மாதங்கள் தேடினார். சனிக்கிழமைதோறும் நான் விண்ணப்பம் நிரப்புவேன், அவர் தன் பெரிய கையால் மெல்லக் கையெழுத்துப் போடுவார். ஓரிடத்தில் வயது அதிகம் என்றார்கள். ஓரிடத்தில் பத்தாம் வகுப்புச் சான்று கேட்டார்கள். எங்கே போனாலும் சம்பளத்தைக் கேட்பதற்கு முன் அண்ணன் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "தெனமும் வீட்டுக்கு வர முடியுமாய்யா?" லாரிக்காரன் கேட்கிற கேள்வியா இது என்று சிரித்தவர்கள் உண்டு.

கடைசியில் ஒரு பெரிய கன்டெய்னர் நிறுவனம் அவர் ஓட்டுவதைப் பார்த்துவிட்டு அங்கேயே வேலைக் கடிதம் கொடுத்தது. புது வண்டி, ஏசி கேபின், பழைய இடத்தைவிட நல்ல சம்பளம், பி.எஃப். எல்லாம் உண்டு. ஆனால் பதினைந்து நாளைக்கு ஒருமுறைதான் ஊர் திரும்பலாம். அண்ணன் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"மதினியப் பாத்துக்க ஒரு ஆள் வச்சுக்கலாம்லண்ணே? இப்பிடியே வேணாம் வேணாம்னா குடும்பம் எப்பிடி ஓடும்?"

"ஆளு வச்சுக்கலாம் பாப்பா. ஆனா ஊசி குத்தயில அவ தேடுறது என் கையத்தான்."

அதற்கு மேலும் நான் சில வார்த்தைகள் சொன்னேன். அவற்றை இங்கே எழுதக் கூசுகிறது. இரண்டு வாரம் அவரோடு பேசாமல் இருந்தேன். அந்த நாட்களில் அவர் சந்தையில் யார் யாருடைய மினிவேனையோ மாற்றாள் ஓட்டுநராக ஓட்டிக்கொண்டிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அண்ணனோடு பல ஆண்டுகள் வடக்கு லைன் ஓட்டிய காதர் பாய்தான் பால் டேங்கர் வேலையைப் பற்றிச் சொன்னவர். பழனிக்கு அருகில் பாலசமுத்திரத்தில் பாலைக் குளிரூட்டும் நிலையம். அங்கிருந்து திண்டுக்கல்லுக்குப் பால் வர வேண்டும். அண்ணன் வேலை கேட்கப் போன அன்று பள்ளி விடுமுறை. பேச்சை நிறுத்திய குற்ற உணர்ச்சியில் நானும் உடன் போனேன்.

அங்கிருந்த மேற்பார்வையாளர் ஒட்டன்சத்திரத்துக்காரர். "வடக்கு லைன் ஓட்டுனவருக்கு இதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. ஒரு ரவுண்டு ஓட்டிக் காமிங்க, போதும்" என்றார்.

அண்ணன் வண்டியில் ஏறவில்லை. அதைச் சுற்றி வந்தார். பின் சக்கரத்தருகே குனிந்து கை வைத்துப் பார்த்தார்.

"ரெண்டு நட்டு லூசா இருக்குங்கய்யா. முடுக்கிட்டு எடுக்குறேன்."

"பால் நிக்குதுங்க."

"செத்த நேரந்தாங்கய்யா."

தானே ஸ்பேனர் வாங்கி முடுக்கினார். வேலை போய்விடுமோ என்று நான் வெயிலில் நின்று பதறிக்கொண்டிருந்தேன். பிறகு மேற்பார்வையாளரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பழனிச் சாலையில் போய்த் திரும்பினார். டேங்கரில் பாதி அளவுதான் பால் இருந்தது. பிரேக் போட்டால் உள்ளே பால் முன்னால் ஓடி வண்டியையே தள்ளும் என்று அண்ணன் பின்னர் எனக்கு விளக்கினார்.

இறங்கிய மேற்பார்வையாளர், "குலுங்கவே இல்லீங்களே. முன்னமே டேங்கர் ஓட்டியிருக்கீங்களா?" என்று கேட்டார்.

"இல்லங்கய்யா. தக்காளி ஓட்டியிருக்கேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அதன் பிறகுதான் அண்ணன் செவ்வாய், வெள்ளி காலைகளில் வர முடியாது என்று சொன்னார். சிரிப்பு நின்றுவிட்டது.

"ஏனுங்க, செவ்வாக்கெழம மாடு கறக்காம இருக்குமுங்களா?"

அண்ணன் கொஞ்சம் யோசித்தார். "காலைப் பால மட்டுந்தான் வேற யாராச்சும் எடுக்கணும். அந்த ரெண்டு நாளும் சாயந்தரப் பாலுக்கு நான் வாரேன். ஞாயித்துக்கெழம ரெண்டு நடையும் நானே எடுத்துக்கிறேன். எம் பொண்டாட்டிக்கு டயாலிசிஸ் இருக்குய்யா."

மேற்பார்வையாளர் உள்ளே போய் இன்னொரு ஓட்டுநரிடம் பேசிவிட்டு வந்தார். "சரிங்க. நாளைக்கே வந்துருங்க" என்றார்.

பேருந்தில் திரும்பும்போது மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். "காலையில சாப்டியா பாப்பா?" என்று கேட்டு அந்தப் பேச்சையே மாற்றிவிட்டார்.

ஆறு ஆண்டுகள் அந்த டேங்கரை ஓட்டினார். சம்பளம் குறைவுதான், குறை சொன்னதில்லை. சனிக்கிழமை மாலைத் திருப்பலிக்கு மதினியோடு சேர்ந்து வருவார். மதினிக்காக உப்புக் குறைத்துக் குழம்பும் வெஞ்சனமும் வைக்கப் பழகிக்கொண்டார். டயாலிசிஸ் நடக்கும் இடத்தில் துணைக்கு ஆளில்லாமல் வரும் மற்ற நோயாளிகளையும் கைத்தாங்கலாக ஆட்டோவில் ஏற்றிவிடுவார்.

சென்ற ஆண்டு ஒரு புதன்கிழமை காலை, வண்டியை ஒழுங்காக நிறுத்திச் சாவியை ஒப்படைத்த பிறகுதான் நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லியிருக்கிறார். உடன் வேலை செய்பவர்கள் உடனே மருத்துவமனையில் சேர்த்தார்கள். மறுநாள் பார்க்க வந்த மேற்பார்வையாளரிடம் அவர் கேட்டது, "நாளைக்கு வெள்ளிக்கெழம. அவள யாருங்கய்யா கூட்டிட்டுப் போவா?" என்பதுதான்.

"நாங்க இருக்கோமுங்க. நீங்க கண்ண மூடித் தூங்குங்க."

வெள்ளி காலை காதர் பாய் மதினியை டயாலிசிஸுக்கு அழைத்துப்போய்த் திரும்பக் கொண்டுவந்து அண்ணனின் கட்டிலருகே உட்கார வைத்தார். பங்குத்தந்தை வந்து நோயில்பூசுதல் அளித்தார். அன்று மாலை, மதினியும் மகளும் நானும் அருகில் இருக்க, அண்ணன் அமைதியாக இறைவனடி சேர்ந்தார்.

இந்த ஓராண்டில் ஒரு செவ்வாய், ஒரு வெள்ளிகூடத் தவறவில்லை. பால் நிலைய ஓட்டுநர்கள் தங்களுக்குள் முறை வைத்துக்கொண்டு மதினியை அழைத்துப் போய் வருகிறார்கள். அவர்களுக்கும், மேற்பார்வையாளர் ஐயாவுக்கும், காதர் பாய் குடும்பத்தாருக்கும், டயாலிசிஸ் பிரிவுச் செவிலியர்களுக்கும், அன்று மதினியைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்த, பெயர் தெரியாத அந்த ஆட்டோ ஓட்டுநருக்கும், அடக்கத்தன்று தோள்கொடுத்த நாகல் நகர் அண்டை வீட்டாருக்கும், பங்குத்தந்தைக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இதை எழுதி முடித்ததும் மதினியிடம் படித்துக் காட்டினேன். ஏதாவது சேர்க்க வேண்டுமா என்று கேட்டேன். மதினி சொன்னார்:

"கல்யாணமாயி பாதிக் காலம் அவரு கொரல மட்டுந்தான் கேட்டேன். கடைசி ஆறு வருசம் எதுக்க உக்காந்து சாப்பிட்டாரு. அத எழுது."

எழுதிவிட்டேன், மதினி.