பத்தொன்பதாவது குரல்

ஆவணி, திங்கட்கிழமை.
காலை 9.30: ஏழாம் வகுப்பு வருகைப் பதிவு. பெயர்கள் பத்தொன்பது; "உள்ளேன் ஐயா" பத்தொன்பது.
11.10: கனமழை.
12.40: சத்துணவில் ஒரு முட்டை மிச்சம்.

"எண்ணித்தான் அவிச்சேன் சார். உங்க கணக்கு தப்பா, கோழி கணக்கு தப்பா?" என்று சமையலம்மா சிரித்தார். வகுப்புக்குத் திரும்பித் தலைகளை எண்ணினேன். பதினெட்டு. பதிவேட்டின் கடைசிப் பெயருக்குரிய மாணவி இல்லை.

கல்லூரியில் முப்பது ஆண்டுகள் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். பேறுகால விடுப்பில் சென்ற ஆசிரியைக்குப் பதிலாக அந்த மலைப்பள்ளிக்கு வந்து மூன்று வாரங்கள் ஆகியிருந்தன.

"எங்கே அவள்?"

பதினெட்டுப் பேரும் தரையைப் பார்த்தார்கள். குரலை உயர்த்தினேன், தலைகள் இன்னும் குனிந்தன.

குரலைக் கேட்டு, ஆளைப் பாராமல் விட்டது எனக்கு முதல்முறை அல்ல. சென்ற ஆண்டு அடுத்த அறையிலிருந்து என் மனைவி "ஒண்ணுமில்லை" என்றாள். படித்துக்கொண்டிருந்த பக்கத்தை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்; அதற்குள் அவள் தரையில் நினைவிழந்து கிடந்தாள்.

முதல் நாள் இவர்களிடமும் மற்ற வகுப்புகளிலும் நான் சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது: சொல்லாமல் வராதவர் பெயர் பதிவேட்டிலிருந்து நீக்கப்படும்.

"அது பொய். யார் பேரையும் எடுக்க எனக்கு அதிகாரம் கிடையாது" என்றேன்.

"அப்ப இன்னாத்துக்கு சார் சொன்னீங்க?" என்று ஒரு குரல். வராதவளின் தோழி அழத் தொடங்கினாள்.

"நான்தான் சார் அவளுக்கும் சேத்துச் சொன்னேன். தம்பிக்குக் காய்ச்சல். அம்மா அப்பா குடகுக்கு வேலைக்குப் போய்ட்டாங்க. கஞ்சி குடுத்துட்டு மத்தியானம் வந்துர்றேன்னா. ஓடையைத் தாண்டித்தான் சார் வரணும்."

வகுப்பை அடுத்த அறை ஆசிரியையிடம் ஒப்படைத்துவிட்டு, சமையலம்மாவுடன் ஓடினேன். ஓடை பாறைகளை மூடிச் செந்நிறமாகப் புரண்டது. எதிர்க்கரையில் அவள், செருப்பைக் கையில் பிடித்தபடி.

"பாலம் சுத்திப் போறேன், ஒரு மணி நேரம் ஆவும். அதுவரிக்கும் அவள நிறுத்தி வையிங்க சார்!"

"இறங்காதே!" என்று கத்தினேன். இரைச்சலில் சொல் போய்ச் சேரவில்லை. கோபமாக வாயசைக்கும் ஆசிரியர் மட்டுமே அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவசரமாகத் தண்ணீரில் கால் வைத்தாள். கையை வீசினேன். இன்னும் வேகமாக இறங்கினாள். முழங்கால்வரை.

கத்துவதை நிறுத்தினேன். குடையை மடக்கிவிட்டுச் சேற்றில் உட்கார்ந்தேன், எங்கும் போகவேண்டியதில்லாதவனைப் போல. அவள் நின்று பார்த்தாள். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. பிறகு பின்னோக்கி ஏறி, ஒரு பாறைமேல் அவளும் உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் சமையலம்மாவின் சேலை தெரியும்வரை இருவரும் எழவில்லை.

அன்று மாலைக் குறிப்பு, இன்னும் செய்ய வேண்டியவை:
இன்றைய வருகைப் பதிவைத் திருத்துவது.
ஆறாம், எட்டாம் வகுப்புகளிலும் அந்தப் பொய்யைத் திரும்பப் பெறுவது.
பெற்றோர் வரும்வரை தம்பியைப் பகலில் யார் பார்த்துக்கொள்வது என்று ஊராரிடம் கேட்பது.