தஹ்ஸீன் மச்சி விட்ட நோன்பு

தஹ்ஸீன் என் அண்ணன் வதூதின் மனைவி, எனக்கு மச்சி. அண்ணன் ஷார்ஜாவில் இருந்தார், வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வந்துபோவார். மச்சி பரங்கிப்பேட்டையில் எங்களோடு. எங்கள் தெருவில் பாதிப் பெண்களின் சுரிதார் அவர் தைத்ததுதான். காலையில் தையல் மெஷினில் உட்கார்ந்தால் மதியம் லுஹர் பாங்குக்குத்தான் எழுந்திருப்பார்.

கல்யாணமாகி வந்த மூன்று ரமலானிலும் மச்சி ஒரு நோன்புகூட விடவில்லை. மாதவிலக்கு நாட்களில் எங்கள் பெண்களுக்கு நோன்பு கிடையாது. விட்டதைப் பிறகு வைத்து ஈடுசெய்வோம். ஒன்றுகூட விடாத மருமகள் என்றால் தெருவுக்கு உடனே கணக்கு ஓடும். இதை யோசிக்காமல், 2009 பெருநாளன்று வந்தவர்களிடமெல்லாம் என் உம்மா, "எங்க மருமவ அத்தனை நோன்பும் புடிச்சிட்டா" என்று பெருமையடித்தார். "அப்ப விசேஷமா?" என்று அவர்கள் கேட்டார்கள். மச்சி வட்டலப்பத் தட்டோடு அடுப்படிக்குள் போனவர் வெளியே வரவேயில்லை. உம்மாமேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

மச்சிக்கு நாலைந்து மாதத்துக்கு ஒருமுறை மாதவிலக்கு வந்தாலே அதிசயம். பெருநாள் கழிந்ததும் கடலூருக்கு லேடி டாக்டரிடம் கூட்டிப்போனேன். ஸ்கேன் பார்த்துவிட்டு, சினைப்பையில் நீர்க்கட்டி என்றார்.

"மாத்திரை போட்டா வரும், நிறுத்துனா பழையபடி தள்ளிப்போகலாம். சாப்பாட்ட மாத்தி, நல்லா நடந்து, எடையக் கொறச்சா தானா வர வாய்ப்பிருக்கும்மா. ஆனா கேரண்டி இல்ல."

திரும்பும் பஸ்ஸில் மச்சி சொன்னார்: "நிஸா, மாத்திரை இல்லாம ஒரே ஒரு தடவ வரட்டும். அப்பத்தான் என் ஒடம்ப நான் நம்புவேன்."

அன்றிலிருந்து அவர் பிடித்த பிடிவாதத்தை நினைத்தால் இன்றும் மலைப்பாக இருக்கிறது. டீயில் சர்க்கரை போனது. சோறு ஒரு கரண்டியானது. மிச்சத் தட்டு முழுக்கக் கீரையும் மீனும். இரவில் கேழ்வரகு ரொட்டி. விடிகாலையில் சுபுஹு தொழுததும் மொட்டைமாடியில் முக்கால் மணி நேரம் சுற்றிச் சுற்றி நடப்பார். எதிர்வீட்டு அம்மா, ஜின் பிடித்துவிட்டதோ என்று உம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். கூடவே நடக்கிறேன் என்று கிளம்பிய நான் நாலாம் நாள் போர்வையைவிட்டு எழவில்லை. மச்சி ஒரு நாளும் விடவில்லை.

ஆறு மாதத்தில் ஒன்பது கிலோ இறங்கியது. டாக்டரே, இதுவரை போட்ட மாத்திரையை நிறுத்திப் பார்ப்போம் என்றார். மே போனது, ஜூன் போனது, ஜூலையும் போனது. ஒன்றும் வரவில்லை.

ஆகஸ்டில் ரமலான் பிறந்தது. டாக்டரைக் கேட்டுக்கொண்டுதான் நோன்பு வைத்தார். நோன்பு திறக்கும்போது சமோசாவும் ரோஸ்மில்க்கும் எங்கள் பக்கம் பறக்கும். மச்சிக்கு ஒரு கப் கஞ்சி, சுண்டல், அவ்வளவுதான். "இவ்வளவு வயித்தக் கட்டி என்ன கண்டே?" என்று உம்மா பொருமினார். அன்று மச்சி மாடியில் தனியாக அழுததை நான் பார்த்தேன்.

பத்தொன்பதாம் நோன்பன்று நடுப்பகலில், உம்மாவும் நானும் கூடத்தில் இருக்க, மச்சி பானையில் தண்ணீர் மொண்டு எங்கள் முன்னாலேயே குடித்தார். உம்மா பதறிப்போனார்.

"என்னடி, நோன்ப முறிச்சிட்டியா?"

"எனக்கு இன்னைக்கு நோன்பு இல்ல மாமி. தானா வந்திருச்சி." சிரித்துக்கொண்டே சொன்னார், கண் நிறைந்திருந்தது.

விலக்கான பெண்கள் ரமலானில் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டுதான் சாப்பிடுவோம். உம்மா எழுந்துபோனார். ராத்திரி வைத்த மீன் ஆணத்தைச் சுடவைத்து, நோன்போடு தன் கையாலேயே கேழ்வரகு ரொட்டி தட்டி, நடுக்கூடத்தில் கொண்டுவந்து வைத்தார்.

"இங்கியே ஒக்காந்து சாப்புடு. எவ வந்தாலும் பாக்கட்டும்."