எரித்தவர் அழைக்கிறார்

உங்கள் வீட்டில் யாருக்கோ கட்டி எடுத்தார்களே, அந்தச் சதை இப்போது எங்கே இருக்கிறது, தெரியுமா? அதை அடுக்கிவைக்கும் ஊழியருக்குத் தெரியும். மருத்துவமனையின் அடித்தளத்தில், ஜன்னலில்லாத அறையில், நகமளவு சதை பதித்த மெழுகு வில்லைகளை எண் வரிசையில் தட்டித் தட்டி அடுக்கிக்கொண்டிருக்கிறார். ஒன்று துருத்தி நின்றாலும் அவருக்குப் பொறுக்காது. செவிலியர்கள் வைத்த பெயர் ‘துடைப்பம்’.

பத்து ஆண்டு தாண்டிய வில்லைகளை எரிக்க விதி அனுமதி தந்தது. இவர் அதைக் கட்டளையாகவே எடுத்துக்கொண்டார். ஆண்டுதோறும் மூட்டை கட்டி உலைக்கு அனுப்பிவிட்டு, காலி அலமாரியைப் பார்த்துப் பூரித்துப்போவார்.

அவருடைய அக்காவுக்குப் பதினோரு ஆண்டுக்கு முன் வந்த புற்றுநோய், சென்ற மாதம் நுரையீரலில் திரும்பி வந்தது. பழைய கட்டியின் மரபணுவைப் பார்த்தால் அவளுக்கென்றே பொருந்தும் மாத்திரை உண்டா என்று சொல்லிவிடலாம், இந்த மூச்சுத்திணறலில் புதிதாக ஊசி விட்டுச் சதை எடுப்பது ஆபத்து என்றார் மருத்துவர்.

“ரெண்டே நிமிஷம் டாக்டர், எடுத்துட்டு வந்துடறேன்.”

இழுப்பறை பளிச்சென்று காலி. எரிப்புப் பதிவேட்டில் அவருடைய கையெழுத்து.

“அக்கா, உன்னோடத நான்தான் எரிச்சேன். கையெழுத்து மட்டும் முத்து முத்தா இருக்கு. இப்படி ஒரு முட்டாள் உனக்குத் தம்பியா வாய்ச்சிருக்கான் பாரு.”

“வீட்லயும் நீ அப்படித்தானேடா? சாப்பிட்டு முடிக்கறதுக்குள்ள தட்டக் கழுவிடுவ” என்று இருமலுக்கிடையே சிரித்தாள் அக்கா. கட்டியின் மரபணுத் துணுக்கு ஏதாவது அவளுடைய ரத்தத்தில் கிடைக்குமா என்று இப்போது தேடுகிறார்கள். கிடைக்காமலும் போகலாம்.

வசதியுள்ளவரின் சதை தனியார் பெட்டகத்தில் பத்திரமாக இருக்க, மற்றவருடையதை இடமில்லை என்று எரிப்பது என்ன நியாயம்? நிர்வாகியிடமே போய்க் கேட்டார்.

“இத்தனை நாளா எரிச்சது நீங்கதானே?”

“ஆமா சார். இதுல என்னைவிட அனுபவசாலி யாரு?”

இந்த ஆண்டு எரிக்க வேண்டிய வில்லைகளுக்கு மாதக் கடைசிவரை அவகாசம் கிடைத்தது. அதற்குள் கேட்டு வருபவர்களுக்குக் கொடுத்துவிடலாம், மீதி உலைக்குத்தான்.

அன்றிலிருந்து பழைய பதிவேட்டைப் பிரித்து ஒவ்வோர் எண்ணாக அழைக்கிறார். “உங்க அம்மாவோட கட்டி எங்ககிட்ட இருக்குங்க…” பேசி முடிக்குமுன் வைத்துவிடுகிறார்கள். ஒருவர், “இன்ஷூரன்ஸ் எல்லாம் வேணாம்ப்பா” என்றார்.

“இப்படி ஒருத்தன் பேசினா நான்கூட வெச்சிடுவேன்” என்று முணுமுணுத்தபடி அடுத்த எண்ணை அழுத்துகிறார். அது உங்களுடையதாக இருக்கலாம். தயவுசெய்து எடுங்கள்.