அவருக்குப் பதிலாகப் போன கூட்டம்

கழுவிக் காயவைத்த ஒரு போத்தலோடுதான் நான் அந்தக் கூட்டத்துக்குப் போனேன். எங்கள் ரப்பர் தோட்டத்து மருந்துக்கூடத்தில் தண்ணி மருந்து வேண்டுமென்றால் போத்தலை நாம்தான் கொண்டுபோக வேண்டும். குடியை நிறுத்துவதற்கென்று கோலசிலாங்கூரில் சனிக்கிழமை மத்தியானம் ஒரு கூட்டம் நடக்கிறது, சர்ச்சுக்குப் பின்னால் ஓர் அறை என்று மருந்துக்கூடத்தில் மருந்து கொடுக்கும் டிரஸர் சொன்னார். சாப்பாட்டில் கலந்து கொடுக்க ஏதாவது தருவார்கள் என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன்.

என் வீட்டுக்காரருக்குக் கல்லீரல் கெட்டுவிட்டது, இனியும் குடித்தால் ஆள் பிழைக்கமாட்டார் என்று பெரிய ஆஸ்பத்திரியில் கையை விரித்திருந்தார்கள். அதைக் கேட்ட அன்றும் குடித்துவிட்டுத்தான் வந்தார். எனக்கு அவர் உயிரோடு இருக்க வேண்டும். வேறு எந்த ஆசையும் அப்போது மிச்சமில்லை.

கூட்டத்துக்கு அவர் வரவில்லை. அது எனக்குப் பெரிதாகவும் படவில்லை. அவர் எழுந்திருக்க முடியாத நாளில் அவருடைய மரங்களுக்கும் சேர்த்துப் பால் வெட்டியது நான். விடியற்காலை பெரட்டு வரிசையில் பேர் கூப்பிடும்போது, “அவருக்கு வயித்து வலிங்க” என்று வேலை வாங்கும் மண்டோரிடம் புளுகியது நான். எண்பதுகளில் அசாம் ஜாவா பக்கத்துத் தோட்டங்களில் என்னைப் போல எத்தனையோ பெண்டாட்டிகள். ஆகவே கூட்டத்துக்கும் நானே போனேன். இதில் என்ன அதிசயம்?

சீனர்களும் நம்மவர்களுமாக ஆண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பெண் நான் ஒருத்திதான். சுங்கை பெசாரில் லோரி ஓட்டும் ஒரு தமிழர் எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார்.

“குடிக்கிறது யாரு, அக்கா?”

“எங்க வீட்டுக்காரரு.”

“அவரு எங்க?”

“அதான் நான் வந்திருக்கேன்லா.”

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை.

ஒவ்வொருவராக எழுந்து தன் குடியைப் பற்றித் தானே சொன்னார்கள், பாதி மலாயில், பாதி தமிழில். டிரஸரிடம் நோயைச் சொன்னால்தானே மருந்து? என் முறை வந்ததும் நானும் ஒன்று விடாமல் கொட்டினேன். பாயை நனைத்தது, அவருடைய அம்மா கருமாதியன்று பந்தியில் விழுந்தது, என் தையல் மெஷினை விற்றுச் சம்சு சாராயம் குடித்தது, எல்லாவற்றையும். கடைசியில் டீயும் பிஸ்கட்டும் தந்தார்கள். நான் போத்தலை எடுத்து நீட்டினேன்.

“மருந்தெல்லாம் இல்லக்கா,” என்றார் லோரிக்காரர். “அவரு வரணும், அவரு வாயால சொல்லணும். நீங்க சாப்பிட்டா அவருக்குப் பசி ஆறுமா?”

இந்தப் பேச்சைக் கேட்கவா வேலை கெட்டுப் பஸ் ஏறி வந்தேன் என்று பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அடுத்த சனிக்கிழமை போனேன், அதற்கடுத்ததும் போனேன். நான் பேசும்போது குறுக்கே யாரும் பேசாத இடம் அது ஒன்றுதான்.

ஒருநாள் அவர் இரத்த வாந்தி எடுத்தார். பயந்துபோனார். “நானும் வரேன்” என்றார். சவரம் செய்து, திருவிழாவுக்கு வைத்திருந்த சட்டையைப் போட்டுக்கொண்டார். பஸ் கம்பியைப் பிடித்த கை நடுங்கியது. குடிக்காததால் வந்த நடுக்கம் அது. பார்க்கப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அறைக்குள் நுழைந்ததும் வயதான சீனர் ஒருவர் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். தையல் மெஷினை விற்றவர் நீங்கள்தானா, வாங்க வாங்க என்று மலாயில் சொன்னார். கேலி இல்லை, நல்ல மனதோடுதான் சொன்னார். அங்கே அதெல்லாம் சகஜம். என் வீட்டுக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். அவர் முறை வந்தபோது எழுந்தார்.

“எல்லாத்தையும் அவ சொல்லிட்டாளே. நான் சொல்ல என்னா இருக்கு?” என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

பஸ்ஸில் திரும்பினோம். எங்கள் நிறுத்தத்துக்கு முன்பே, சம்சு விற்கும் கடை இருக்கும் இடத்தில், இறங்கிக்கொண்டார். நான் கூப்பிடவில்லை. எனக்கு வந்த ஆத்திரம் அவர் மேலா, அந்தச் சீனர் மேலா, எனக்கு இன்றும் தெரியாது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் மட்டும் மனிதர் என்ன கிழித்திருப்பார்?

அதற்குப் பிறகு அவர் கூட்டத்துக்கு வரவே இல்லை, நான் மட்டும் போய்க்கொண்டிருந்தேன். மழைக்காலத்தில் வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

“இன்னிக்குச் சனிக்கெழமலா. நீ கூட்டத்துக்குப் போவலயா?”

“நீங்க இப்படிக் கெடக்கீங்க, நான் எங்க போறது?”

“எனக்காகப் போயிட்டு வா புள்ள.”

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நான் போனால் தனக்குக் குணமாகும் என்று மனதார நம்பினார். ஓங்கி ஓர் அறை விடலாம் போல இருந்தது. வாயைத் துடைத்துவிட்டு, போர்வையை இழுத்துவிட்டு, பஸ் ஏறினேன்.

என் முறை வந்தபோது அவரைப் பற்றிச் சொல்ல ஒன்றும் வரவில்லை. “எனக்குப் பயமாருக்கு” என்று மட்டும் சொன்னேன். லோரிக்காரர் டீயைக் கொண்டுவந்து கையில் வைத்தார். குடிக்க முடியவில்லை.

திரும்பி வந்தபோது விழித்துக்கொண்டுதான் இருந்தார்.

“போனியா?”

“போனேன்.”

தலையை ஆட்டிவிட்டு நிம்மதியாகக் கண்ணை மூடினார். திங்கட்கிழமை காலை போய்ச் சேர்ந்தார். அதற்கு மட்டும் என்னை அனுப்பவில்லை.