கேமராவுக்கு வைத்த பொட்டு

வேகக் கேமராவின் கண்ணாடியைத் துடைப்பது என் பிழைப்பு. ஊரார் ஏச்சை வாங்கிக்கொண்டே வேலை பார்ப்பவர்களே, நீங்கள்தான் எனக்கு உறவு. விருதுநகர்–சிவகாசி ரோட்டில், ஆமத்தூர் பக்கம் கிளை ரோடு பிரியும் ஒரு விலக்கில் என் கம்பம் நிற்கிறது. பட்டாசுக் கம்பெனி வேனிலிருந்து இறங்கி அங்கே ரோட்டைக் கடக்கும்போதுதான் என் மனைவி காரில் அடிபட்டு இறந்துபோனாள். அதன்பிறகு கேமரா வைத்தார்கள். துடைக்க ஆள் தேடினார்கள், நான் போய் நின்றேன். அந்த இடத்தில் வண்டிகள் மெதுவாகப் போக வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

டீக்கடை

ஏணியை எதிர் டீக்கடையில் போட்டு வைப்பது வழக்கம். நான் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். வீட்டிலும் பேச ஆளில்லை, இங்கேயும் இப்படி. ஒருநாள், அபராதம் விழுந்த கார்க்காரர் ஒருவர் செல்போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார். நான் துடைக்கிறவன் மட்டும்தான் என்றேன். அவர் சொன்னார்:

"ஒரு வாரம் துடைக்காம இரும்யா, ஊரே உம்மளக் கும்பிடும்."

சீசன் லோடு

தீபாவளி சீசன். பட்டாசு லோடு ஏற்றிய வேன் ஒன்று பறந்து வந்து, கம்பத்தைக் கண்டதும் பிரேக் அடித்து மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி ஊர்ந்தது. டிரைவர் என்னைப் பார்த்துத் தலையை வெளியே நீட்டினார். ஒரு மனிதர் வலிய வந்து பேசுகிறாரே என்ற சந்தோஷத்தில் ஏணியை விட்டு இறங்கியே வந்துவிட்டேன். அவர் கேட்டது:

"அடுத்த கேமரா எங்கனண்ணே இருக்கு? அதுவரைக்கும் மிதிச்சுப் போயிருவேன்."

ஆயுத பூஜை

பூஜையன்று மதியம், கேமராவில் படமே விழவில்லை என்று ஆபீசிலிருந்து போன். ஓடிப்போய்ப் பார்த்தால், கம்பத்தில் என் ஏணி சாய்ந்து நிற்கிறது. கேமராக் கண்ணாடியின் நட்டநடுவில் அப்பிய சந்தனம், அதன்மேல் குங்குமம். எவனோ வேண்டுமென்றே குருடாக்கிவிட்டான் என்று கோபத்தில் கத்தினேன். கம்பெனியில் பூஜை முடிந்து, பொரிப் பொட்டலத்தோடு வேனிலிருந்து இறங்கியிருந்த பெண்கள் மிரண்டு போனார்கள். எல்லோரும் என் மனைவியோடு வேலை பார்த்தவர்கள். அதில் ஒருத்தி முன்னால் வந்தாள்.

"கோவப்படாதீகண்ணே. கம்பெனில எல்லா மிசினுக்கும் அக்காதான் பொட்டு வைப்பாக. ரோட்டைத் தாண்ட எங்களுக்கு இந்த மிசினுதான் காவல், இதுக்கு வைக்க அக்கா இல்லையேன்னு நாங்களே ஏறி வச்சுட்டோம்."

ஊரே ஏசுகிற பெட்டிக்கு ஒரே ஒரு நாள் கிடைத்த மரியாதையையும் ஈரத்துணியால் துடைத்துப் போடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.